தோட்டத்தில் இல்லாதவரையும் கேளுங்கள்

உணவுப் பொருட்களை விற்கும் பெரிய நிறுவனங்கள் இப்பொழுது ஒரு புதிய மொழியைப் பேசுகின்றன. "நிலைபேறான விவசாயம்", "பொறுப்பான கொள்வனவு" என்னும் சொற்கள் அவற்றின் வருடாந்த அறிக்கைகளில் மட்டுமன்றி, வாழைச்சீப்பில் ஒட்டப்படும் சிறு முத்திரையிலும் தேயிலைப் பெட்டியிலும் கூடக் காணப்படுகின்றன. காட்டை அழிக்காமல் விளைந்த பொருளா, நஞ்சு அளவுக்கு மீறித் தெளிக்கப்பட்டதா, வேலை செய்தவருக்கு ஒழுங்கான கூலி கிடைத்ததா என்பதையெல்லாம் விசாரித்தே நாங்கள் வாங்குகின்றோம். ஆகவே நீங்கள் மனநிம்மதியோடு வாங்கலாம் என்பதே இச்சொற்களால் கடைக்காரர் வாடிக்கையாளருக்குச் சொல்லும் செய்தியாகும்.

இந்த மொழியை நாம் ஏளனம் செய்ய விரும்பவில்லை. நஞ்சு தெளிப்பதால் வரும் நோயை விவசாயிகளாகிய நாம் அறிவோம். அரைக்கூலிக்கு வேலை செய்தவர்களும் எம்மிடையே உள்ளனர். இவற்றை ஒருவர் விசாரிப்பது நல்லதே. ஆனால் காணியை விட்டு ஓடிவந்த குடும்பங்கள் என்ற முறையில் எம்மிடம் மேலும் இரண்டு கேள்விகள் உண்டு. இந்தப் பயிர் நிற்கும் நிலம் முன்னர் யாருடையது? அவர் இப்பொழுது எங்கே இருக்கின்றார்?

பொறுப்பான கொள்வனவு என்பது இந்தக் கேள்விகளிலிருந்தே தொடங்கவேண்டும் என்பது எமது கருத்து. இவற்றைக் கேளாத சான்றிதழ், எத்தனை மரங்களை எண்ணியிருந்தாலும், அரைச் சான்றிதழே. இதை விளக்குவதற்குத் தென் அமெரிக்காவிலுள்ள கொலம்பியா நாட்டின் அனுபவத்தை எடுத்துக்கொள்வோம். எம்மைப் போலவே நீண்ட உள்நாட்டுப் போரையும், இலட்சக்கணக்கான விவசாயிகளின் இடப்பெயர்வையும் கண்ட நாடு அது. அங்கு விளையும் வாழைப்பழமும் பாம் எண்ணெயும் உலகின் பெரிய கடைகளுக்குச் செல்கின்றன.

சான்றிதழ் எவ்வாறு கிடைக்கின்றது?

முதலில் இந்த முத்திரைகள் வழங்கப்படும் முறையைத் தெரிந்துகொள்வோம். ஒரு நிறுவனம் விதிமுறைகளை எழுதி வெளியிடுகின்றது. சான்றிதழ் வேண்டும் தோட்டக்காரர் அவ்விதிகளின்படி தமது தோட்டத்தை ஒழுங்கு செய்கின்றார். பின்னர் பரிசோதகர்கள் வந்து சில நாட்கள் தங்கி, தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து, கணக்குப் புத்தகங்களைப் புரட்டி, முகாமையாளரோடும் தொழிலாளரோடும் பேசுகின்றனர். எல்லாம் சரியெனக் கண்டால் சான்றிதழ் வழங்கப்படும். பரிசோதனைச் செலவைப் பெரும்பாலும் தோட்டக்காரரே கொடுக்கின்றார். கடைக்காரர் அந்தச் சான்றிதழைப் பார்த்துப் பொருளை வாங்குகின்றார்.

பச்சைத் தவளைச் சின்னத்தால் அறியப்படும் ரெயின்பொரஸ்ட் அலையன்ஸ் இவ்வாறான ஒரு நிறுவனமாகும். எமது மலையகத் தேயிலைத் தோட்டங்கள் சிலவும் அதன் சான்றிதழைப் பெற்றுள்ளன. 1990களின் ஆரம்பத்தில் அது வாழைத் தோட்டங்களுக்கென ஒரு திட்டத்தைத் தொடங்கியது. உலகின் மிகப் பெரிய வாழைப்பழக் கம்பனிகளுள் ஒன்றான சிக்கிற்றா 1992 இல் அத்திட்டத்தில் சேர்ந்தது. 2000 ஆம் ஆண்டளவில் லத்தீன் அமெரிக்காவில் அக்கம்பனிக்குச் சொந்தமாயிருந்த வாழைத் தோட்டங்கள் யாவும் சான்றிதழ் பெற்றுவிட்டன. அடுத்த வருடம், 2001 இல், அதே கம்பனி லத்தீன் அமெரிக்க வாழைத் தொழிற்சங்கங்களோடும் சர்வதேச உணவுத் தொழிலாளர் சம்மேளனத்தோடும் தொழிலாளர் உரிமை பற்றி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. பொறுப்புள்ள கம்பனிக்கு உதாரணமாகப் பலர் அதைப் பாராட்டினர்.

அந்தப் பாராட்டு முழுவதும் பொய்யல்ல. ஆற்றங்கரைகளில் மரங்கள் நடப்பட்டன. குலைகளுக்குக் கட்டும் பிளாஸ்டிக் பைகள் ஆற்றில் வீசப்படாமல் சேகரிக்கப்பட்டன. மருந்து தெளிப்போருக்குப் பாதுகாப்பு உடைகள் கிடைத்தன. இவை நடந்த காரியங்கள்.

உரபாவில் நடந்தது

அதே வருடங்களில் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. கொலம்பியாவின் வடமேற்கிலே கடலோரமாக அமைந்துள்ள உரபா பிரதேசம் அந்நாட்டின் முக்கிய வாழைப் பிரதேசமாகும். 1990களின் பிற்பகுதியில் அங்கு ஏ.யூ.சி. என்று அழைக்கப்பட்ட வலதுசாரித் துணைப்படை பரவியது. தொழிற்சங்கவாதிகளும் சிறு விவசாயிகளும் கொல்லப்பட்டனர். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் காணிகளைக் கைவிட்டு ஓடின.

சிக்கிற்றா தனது கொலம்பியக் கிளைக் கம்பனி மூலம் இந்தத் துணைப்படைக்கு 1997 முதல் 2004 பெப்ரவரி வரை நூற்றுக்கு மேற்பட்ட தடவைகளில் மொத்தம் 17 இலட்சம் டொலருக்கு மேல் கொடுத்தது. அதற்கு முன்னர் இடதுசாரிக் கெரில்லா இயக்கங்களுக்கும் அது பணம் கொடுத்திருந்தது. 2001 செப்டெம்பரில் அமெரிக்க அரசாங்கம் ஏ.யூ.சி.யைப் பயங்கரவாத அமைப்பாகப் பிரகடனப்படுத்திய பின்னரும் கொடுப்பனவு நிற்கவில்லை. பணத்தை நிறுத்தவேண்டுமென்று 2003 இல் கம்பனியின் வெளி வழக்கறிஞர்களே ஆலோசனை கூறினர். அதன் பின்னரும் ஏறக்குறைய ஒரு வருடம் பணம் போய்க்கொண்டிருந்தது. கணக்குப் புத்தகத்தில் இது பாதுகாப்புச் சேவைக்கான செலவு என்று எழுதப்பட்டது.

2007 மார்ச் மாதத்தில் கம்பனி அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2 கோடியே 50 இலட்சம் டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. அந்தத் தண்டம் அரசாங்கத்துக்குச் சேர்ந்தது. கொல்லப்பட்டவர்களின் குடும்பங்கள் தனியாக வழக்குத் தொடர்ந்து, 17 வருடங்கள் காத்திருந்தன. 2024 ஜூன் 10 ஆம் திகதி புளோரிடாவில் ஜூரிமார், எட்டுப் பேரின் மரணத்துக்குக் கம்பனி பொறுப்புடையது என்று தீர்மானித்து, அக்குடும்பங்களுக்கு 3 கோடியே 83 இலட்சம் டொலர் நட்டஈடு வழங்கவேண்டும் எனக் கூறினர். கம்பனி மேன்முறையீடு செய்யப்போவதாக அறிவித்தது. 2025 ஜூலையில் கொலம்பிய நீதிமன்றம் ஒன்று கம்பனியின் முன்னாள் அதிகாரிகள் ஏழு பேருக்கு 11 வருடத்துக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை விதித்தது.

தனது ஊழியரின் உயிரைக் காப்பாற்றவே அச்சுறுத்தலின்கீழ் பணம் கொடுத்ததாகக் கம்பனி வாதிட்டது. ஆயுதம் தாங்கியவர் கப்பம் கேட்டு வந்தால் என்ன நிலை என்பதை நாம் அறியாதவர்களல்லர். ஆனால் விவசாயி கப்பம் கொடுக்க மறுத்தால் அவன் உயிர் போகும். பெருங்கம்பனிக்கோ தொழிலை விற்றுவிட்டு வெளியேறும் வழி எப்பொழுதும் இருந்தது. 2004 இல் அது அவ்வாறே கொலம்பியக் கிளையை விற்றது. அந்த வழியை முன்னரே எடுக்காததற்கு அங்கு கிடைத்த இலாபமும் ஒரு காரணம் என்றே நாம் கருதுகின்றோம்.

எமது கட்டுரைக்கு முக்கியமானது இன்னொரு விடயம். சான்றிதழுக்கான பரிசோதனைகள் இந்தக் கொடுப்பனவை வெளியே கொண்டுவரவில்லை. 2003 இல் கம்பனி தானாகவே அமெரிக்க நீதித் திணைக்களத்திடம் போய்ச் சொன்ன பின்னரே விடயம் வெளிவரத் தொடங்கியது. தோட்டத்துக்குள்ளே ஆற்றங்கரை மரங்கள் எண்ணப்பட்டன. தோட்டத்து வேலிக்கு அப்பால் வெறுமையான கிராமங்கள் எண்ணப்படவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கோ ஏட்டில் எழுதியது சரியாகவே இருந்தது. எழுதாமல் விடப்பட்டதே பெரிது.

ஆட்கள் இல்லாத வேளையில் நடப்பட்ட பயிர்

உரபாவுக்கு அண்மையில் குர்வராடோ, ஹிகுவாமியாந்தோ என்னும் இரு ஆற்றுப் படுக்கைகள் உள்ளன. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரின் வழித்தோன்றல்கள் அங்கு நெடுங்காலமாகப் பயிர் செய்து வாழ்ந்தனர். 1993 இல் இயற்றப்பட்ட 70 ஆம் இலக்கச் சட்டம் இம்மக்களுடைய கூட்டுக் காணி உரிமையை ஏற்றுக்கொண்டது. ஆனால் 1996, 1997 ஆம் ஆண்டுகளில் அவர்கள் விரட்டப்பட்டனர். 2000 நவம்பரில் இரு பிரதேசங்களுக்குமாக 1 இலட்சம் ஹெக்டயருக்கு மேற்பட்ட நிலத்துக்கு அரசாங்கம் கூட்டு உறுதி வழங்கியபோது, உறுதிக்காரர் பலர் அகதிகளாக இருந்தனர். அடுத்த வருடமளவில் அதே நிலத்தில் கம்பனிகள் பாம் எண்ணெய்க் கன்றுகளை நடத் தொடங்கின. திரும்பி வந்த மக்கள் தமது வீட்டு வளவுகளிலும் பயிர் நிலங்களிலும் பாம் மரங்கள் வரிசையாக நிற்பதையே கண்டார்கள்.

கையில் உறுதி இருந்தும் காலடியில் காணி இல்லாத நிலை எமக்குப் புதிதல்ல. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய குடும்பங்களின் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டபோதிலும் இன்னும் முழுவதும் திரும்பவில்லை. எனவே குர்வராடோ மக்களின் கதையில் எமக்கு விளங்காத பகுதி எதுவுமில்லை.

இப்பொழுது சான்றிதழ்ப் பரிசோதகரை இந்த இடத்தில் நிறுத்திப் பார்ப்போம். அவர் வந்த நாளில் தோட்டத்தில் யார் இருப்பர்? முகாமையாளர் இருப்பார். தொழிலாளர் இருப்பர். அயல்கிராமத்தில் எஞ்சியிருப்போர் சிலரும் இருக்கலாம். விரட்டப்பட்டவர் அங்கே இருக்கமாட்டார். அவர் முகாமிலோ, நகரத்துச் சேரியிலோ, உறவினர் வீட்டுத் தாழ்வாரத்திலோ இருப்பார். தோட்டத்தில் உள்ளவர்களை மட்டும் கேட்டால், "இங்கே காணிப் பிரச்சினை இல்லை" என்ற விடையே கிடைக்கும். விரட்டியது எவ்வளவு முழுமையாக நடந்ததோ, அவ்வளவுக்கு அந்த விடை தெளிவாகவும் இருக்கும். இதுவே நாம் சுட்டிக்காட்ட விரும்பும் குறைபாடு.

விதிமுறைகள் பின்னர் திருத்தப்பட்டுள்ளன என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ரெயின்பொரஸ்ட் அலையன்ஸ் 2020 இல் வெளியிட்ட விதிமுறைகள், தோட்டக்காரர் தாம் பயன்படுத்தும் நிலத்துக்கு முறையான உரிமை உடையவராக இருக்கவேண்டும் என்று கூறுகின்றன. பாம் எண்ணெய்க்கான சான்றிதழ் அமைப்புகளும் காணித் தகராறு பற்றிக் கேட்கின்றன. கேள்வி ஏட்டில் ஏறிவிட்டது, நல்லது. ஆனால் அதை யாரிடம் கேட்பது என்பதே இன்னும் மீதமாயுள்ள வேலை. கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று எமது முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

ஒரு கொள்வனவாளர் கேட்டபோது

இல்லாதவரைத் தேடிப் போய்க் கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாத காரியமா? இல்லை என்பதற்குக் கொலம்பியாவிலேயே ஒரு சாட்சி உண்டு.

மக்டலேனா ஆற்றை அண்டிய லாஸ் பாவாஸ் என்னுமிடத்தில், சொந்தக்காரர் கைவிட்டுச் சென்ற ஒரு பெரிய பண்ணையில் நிலமற்ற விவசாயிகள் 1990களின் பிற்பகுதியிலிருந்து பயிர் செய்து வந்தனர். துணைப்படையினர் அவர்களை 2003 இல் விரட்டினர். அவர்கள் திரும்பி வந்தனர். கைவிடப்பட்ட பண்ணையின் உடைமையை நீக்கி நிலத்தைத் தமக்கு வழங்குமாறு 2006 இல் அரசாங்கத்தைக் கேட்டனர். அந்த விண்ணப்பம் நிலுவையில் இருக்கையிலேயே 2007 இல் பண்ணை இரு பாம் எண்ணெய்க் கம்பனிகளுக்கு விற்கப்பட்டது. 2009 ஜூலையில் பொலிசார் வந்து 123 குடும்பங்களை வெளியேற்றினர்.

அவ்விரு கம்பனிகளுள் ஒன்று டாபொன் என்னும் குழுமத்தைச் சேர்ந்தது. இயற்கை முறை விவசாயத்துக்குப் பெயர்பெற்ற அக்குழுமத்தின் பாம் எண்ணெய் உணவுக்கும் சவர்க்காரத்துக்கும் ஏற்றுமதியானது. நீதியான வியாபாரம் செய்வதாகப் பெயர் பெற்ற பிரித்தானியாவின் பொடி ஷொப் நிறுவனம் அதன் முக்கிய கொள்வனவாளர்களுள் ஒன்று. பொடி ஷொப் விற்றது சவர்க்காரமும் பூச்சு வகைகளுமே. ஆயினும் எண்ணெய் ஒன்றுதான், கேள்வியும் ஒன்றுதான்.

2009 செப்டெம்பரில் பிரித்தானியப் பத்திரிகை ஒன்று இதை வெளியிட்டது. பின்னர் பொடி ஷொப் நிறுவனமும் கிறிஸ்டியன் எய்ட் என்னும் திருச்சபைகளின் உதவி நிறுவனமும் சேர்ந்து ஒரு சுயாதீன விசாரணைக் குழுவை அனுப்பின. அக்குழு கம்பனியை மட்டும் கேட்டுவிட்டுப் போகவில்லை; வெளியேற்றப்பட்ட குடும்பங்களையும் கேட்டது. 2010 இல் பொடி ஷொப் டாபொனிடமிருந்து வாங்குவதை நிறுத்தியது. 2011 இல் டாபொன் குழுமம் லாஸ் பாவாஸிலிருந்து விலகியது. அதே வருடம் கொலம்பியாவின் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த வெளியேற்றம் முறையற்றது என்று தீர்ப்பளித்தது. குடும்பங்கள் 2011 ஏப்ரலில் மீண்டும் நிலத்துள் நுழைந்தன.

கதை அத்துடன் சுபமாக முடியவில்லை. எஞ்சியிருந்த மற்றக் கம்பனியோடு தகராறு தொடர்ந்தது, பயிர்கள் அழிக்கப்பட்டன. 2011 இன் இறுதியில் ஓர் அரச வழக்குத்தொடுநர், இவர்கள் ஒருபோதும் இடம்பெயரவேயில்லை என்று கூடக் கூறினார். முகாமில் வருடக்கணக்காக வாழ்ந்தவரைப் பார்த்து, "நீ அகதியே அல்ல" என்று ஒரு கடதாசி சொல்லுமானால் அதன் நோவு எப்படியிருக்கும் என்பதை நாம் விளக்கவேண்டியதில்லை. ஆயினும் அவர்களுடைய சங்கம் கலையவில்லை. 2012 நவம்பரில் அரசாங்கக் காணி நிறுவனம் பண்ணையின் தனியார் உடைமையை நீக்கும் தீர்மானத்தை எடுத்தது. 2013 இல் அச்சங்கத்துக்குக் கொலம்பியாவின் தேசிய சமாதானப் பரிசு வழங்கப்பட்டது.

கடைக்காரர் வாங்குவதை நிறுத்தியதால் மட்டும் நிலம் திரும்பிவிடவில்லை. சங்கமும் நீதிமன்றமும் இல்லாவிட்டால் அது நடந்திராது. ஆனால் கொள்வனவாளர் ஒருவர் தேடிப்போய்க் கேட்டார் என்பதும், கேட்டதால் பலம் பொருந்திய குழுமம் ஒன்று பின்வாங்கியது என்பதும் உண்மை.

ஏன் கேட்பதில்லை?

கடைகள் தாமாக இக்கேள்வியைக் கேளாததற்கு விலையே முக்கிய காரணம். பெரிய கடைகள் ஒன்றோடொன்று போட்டியிட்டு விலையைக் குறைக்கின்றன. பிரித்தானியக் கடைகளில் வாழைப்பழத்தின் விலை பத்து வருடங்களில் கிட்டத்தட்ட அரைவாசியாக விழுந்துவிட்டது என்று 2014 இல் அங்குள்ள பெயார்ட்ரேட் நிறுவனம் சுட்டிக்காட்டியது. அதே காலத்தில் உற்பத்திச் செலவோ ஏறிக்கொண்டிருந்தது. ஒரு கையால் விலையைக் குறைத்துக்கொண்டு மறு கையால் பொறுப்புக் கேட்டால், அந்தப் பொறுப்பின் செலவு எங்கே போய் விழும்? தோட்டக்காரர் தலையில் விழும். அவர் அதைக் கூலிக்காரர் தலையில் இறக்குவார். காணி பற்றி ஆழமாக விசாரிப்பதற்குப் பணமும் மாதக்கணக்கான காலமும் வேண்டும். மலிவுப் பழத்தில் அதற்கு இடமில்லை.

ஆகையால் கடையின் நல்ல மனத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது, சட்டமும் வேண்டும். ஜேர்மனியில் 2023 ஜனவரி 1 ஆம் திகதி நடைமுறைக்கு வந்த விநியோகச் சங்கிலிச் சட்டம் இதற்கு ஒரு முன்மாதிரி. பெரிய கம்பனிகள் தமக்குப் பொருள் வழங்குவோரிடத்தில் நடக்கும் உரிமை மீறல்களைக் கவனிக்கவேண்டும் என்று அது விதித்தது. மக்களைச் சட்டவிரோதமாக வெளியேற்றுதலும் அவர்களது வாழ்வுக்கு ஆதாரமான நிலத்தைப் பறித்தலும் அம்மீறல்களுள் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டன. 2023 நவம்பரில், எக்குவடோர் நாட்டு வாழைத் தொழிலாளர் சங்கமொன்று, ஜேர்மன் ஆயர்களின் உதவி நிறுவனமான மிசேரியோர், ஒக்ஸ்பாம் முதலியவற்றின் துணையோடு, ரேவே, எடேக்கா என்னும் இரு பெரிய கடை நிறுவனங்கள்மீது இச்சட்டத்தின்கீழ் முறைப்பாடு செய்தது. அது காணி பற்றியதல்ல. தொழிலாளர் உரிமை பற்றியது. எனினும் தூரத்திலுள்ள ஒரு சிறு சங்கம் ஜேர்மனியின் அலுவலகக் கதவைத் தட்டமுடிந்தது என்பது கவனிக்கத்தக்கது.

ஐரோப்பிய ஒன்றியமும் இத்தகைய ஒரு சட்டத்தை 2024 இல் ஏற்றுக்கொண்டது. அடுத்த வருடமே அதைத் தளர்த்தும் முயற்சிகள் தொடங்கின. கம்பனிகளுக்குப் பாரம் கூடிவிட்டதாம். காணியை இழந்தவர் சுமக்கும் பாரத்தை அளக்க எவரும் தராசு கொண்டுவரவில்லை.

ஒரு நியாயமான பயம்

இவ்வாறெல்லாம் கேள்வி கேட்டால் கடைகள் போர் நடந்த பிரதேசங்களிலிருந்து வாங்குவதையே விட்டுவிடாதா என்று சிலர் கேட்கலாம். இது நியாயமான பயமே. உரபாவிலும் வாழைத் தோட்டங்களில் உழைத்து வாழும் பல்லாயிரம் தொழிலாளர் உள்ளனர். நாளைக்கே எல்லாரும் அந்தப் பழத்தை வாங்க மறுத்தால் முதலில் பட்டினி கிடப்பவர்கள் அவர்களே. எமது வடக்கிலும் கிழக்கிலும் மீண்டும் குடியேறியவர்கள் இன்று மரக்கறியும் பழமும் விளைவித்துச் சந்தை தேடுகின்றனர். எமக்கும் வாங்குவோர் வேண்டும்.

எனவே வாங்காதே என்று நாம் சொல்லவில்லை. கேட்டு வாங்கு என்கின்றோம். குறை கண்டவுடன் கைகழுவி விலகும் கடை பொறுப்புள்ள கடையல்ல. தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டு ஓடும் கடை அது. முதலில் அங்கே நின்று, தன் பணத்தின் பலத்தைக் கொண்டு காணிக்காரருக்கு நியாயம் கிடைக்க முயலவேண்டும். எவ்வளவு முயன்றும் பலனில்லை என்று கண்ட பின்னரே விலகுவது முறை.

நாம் கேட்பவை

பொறுப்பான கொள்வனவு பற்றிப் பேசும் கடைகளிடமும் சான்றிதழ் நிறுவனங்களிடமும் நாம் நான்கு விடயங்களைக் கேட்கின்றோம்.

முதலாவது, போர் நடந்த நாடுகளில் தோட்டத்தின் இன்றைய உறுதியை மட்டும் பார்க்கவேண்டாம். போருக்கு முன்னர் அந்நிலத்தில் யார் இருந்தார், எப்படிக் கைமாறியது என்பதையும் பார்க்கவேண்டும். துப்பாக்கி முனையில் எழுதப்பட்ட உறுதியிலும் கையொப்பம் இருக்கும்.

இரண்டாவது, பரிசோதகர் தோட்டத்தோடு நின்றுவிடாமல் முகாமுக்கும், அகதிகள் குடியேறிய இடங்களுக்கும் போகவேண்டும். அங்குள்ள சங்கங்களையும் மதகுருமாரையும் பெண்களையும் கேட்கவேண்டும். சொன்னவருக்கு ஆபத்து வராதபடி அவர் பெயரைக் காக்கவும் வேண்டும்.

மூன்றாவது, இந்த விசாரணைச் செலவைக் கடையே ஏற்கவேண்டும். பரிசோதிக்கப்படுபவரே பரிசோதகருக்குச் சம்பளம் கொடுக்கும் முறையில் எமக்கு நம்பிக்கையில்லை.

நான்காவது, பொருள் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்பதைக் கடை பகிரங்கமாகச் சொல்லவேண்டும். தோட்டத்தின் பெயர் தெரிந்தால்தான், "அது எங்கள் காணி" என்று ஒருவர் எழுந்து சொல்லமுடியும்.

எமது கையில் உள்ளவை

மற்றவரிடம் கேட்பதோடு எமது வேலை முடிந்துவிடாது. தேடி வருபவர் எம்மைக் கண்டுபிடிக்கக்கூடியவர்களாக நாமும் இருக்கவேண்டும்.

கொலம்பியாவில் 2011 இல் இயற்றப்பட்ட 1448 ஆம் இலக்கச் சட்டம், 1991 முதல் காணி இழந்தவர்கள் அதைத் திரும்பக் கேட்க வழி செய்தது. காணியை இப்பொழுது வைத்திருப்பவரே தாம் நேர்மையாக வாங்கியதாக நிரூபிக்கவேண்டும் என்று அது பாரத்தை மாற்றி வைத்தது. பலரிடம் உறுதி இல்லை; எரிந்துபோயிருந்தது, அல்லது எழுதப்படவேயில்லை. அப்பொழுது அயலவர்கள் ஒன்றாக உட்கார்ந்து தமது கிராமத்தின் படத்தைத் தாமே கீறினர். யாருடைய வீடு எங்கே இருந்தது, எந்த ஓடை எந்தக் காணிக்கு எல்லை, எவர் என்ன பயிர் செய்தார் என்று நினைவிலிருந்து குறித்தனர். அப்படங்களும் காணி விசாரணைக்கு உதவின.

இதை நாமும் செய்யலாம். உறுதியோ, காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் கிடைத்த அனுமதிப்பத்திரமோ கையில் இருந்தால் பிரதி எடுத்து இரண்டு மூன்று இடங்களில் வைப்போம். உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் அதன் பதிவைத் தேடுவோம். அனுமதிப்பத்திரம் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்திலுள்ள கோவையைத் தேடுவோம். ஒன்றுமே இல்லாதவர் பழைய வாக்காளர் இடாப்பு, பிள்ளைகளின் பாடசாலைப் பதிவு, பங்குக் கோவில் அல்லது ஆலயக் கணக்கு, கூட்டுறவுச் சங்கக் கடன் புத்தகம் முதலிய எதையும் அற்பமென்று எண்ணாது சேர்த்து வைக்கவேண்டும். ஊர்ப் பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே ஊரின் படத்தைக் கீறிக்கொள்வோம். கிணறு, பனங்கூடல், வாய்க்கால், எல்லை வேலிப் பூவரசு யாவும் அதில் வரட்டும். கணவனை இழந்த பெண்களின் பெயர்களும் காணிக்கு நேரே எழுதப்படட்டும். சிதறி இருக்கும் குடும்பங்கள் ஊர் வாரியாக ஒரு பட்டியலை வைத்துக்கொண்டால், கேட்க வருபவர் எங்கே போய்க் கேட்பது என்று தெரியாமல் திரும்பவேண்டி வராது.

கடைத் தட்டில் அடுக்கியிருக்கும் பழத்தில் ஒரு சிறு முத்திரை ஒட்டப்பட்டிருக்கும். அதில் மரத்துக்கும் மண்ணுக்கும் தண்ணீருக்கும் வேலையாளுக்கும் இடம் கொடுத்துள்ளனர். முன்னர் அந்த மண்ணை உழுதவருக்கும் அதில் இடம் வேண்டும். அவரைக் கேளாமல் வாங்கிய பொருளைப் பொறுப்பாக வாங்கியதென்று எவரும் சொல்லிக்கொள்ளக் கூடாது.